நான் போடாத கையெழுத்து

கடிதம் ஒரே பக்கம்தான். ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரி இருக்கும். இன்ன ஊரில் வசிக்கும் இன்னாருடைய மகனாகிய நான், என் மைனர் மகள் அவளுடைய தாயுடன் மஸ்கட் சென்று தங்குவதற்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன், எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. கீழே என் பெயர், ஆதார் எண், கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் என் பெயரை எழுத எனக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. எழுதிக் கொடுத்தபோது அது யாருக்கும் பயன்படவில்லை.

போர்ட் பிளேருக்கு வடக்கே ரங்கத் என்ற தீவு ஊரில், குடிநீர்ப் பிரிவில் பம்ப் ஆபரேட்டராக இருக்கிறேன். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று வால்வைத் திறந்து மூடுகிற வேலை. மழைக்காலத்தில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மார்ச், ஏப்ரலில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று ஆகும்போது மார்க்கெட்டில் நடக்கவே முடியாது. என் மனைவி அங்கே ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸாக இருந்தாள். கைக்குழந்தைகளுக்கு நரம்பு கண்டுபிடித்து ஊசி போடுவதில் கெட்டிக்காரி. மற்ற வார்டுகளிலிருந்தும் அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஆனால் ஒப்பந்தம் வருடா வருடம் முடியும். புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று அந்த ஒரு மாதம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பத்து வருடம் அப்படியே போயிற்று.

அவளோடு படித்த ஒருத்தி மஸ்கட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் சொல்லித்தான் இவள் விண்ணப்பம் போட்டாள். போனிலேயே நேர்முகம் நடந்தது. கிடைத்துவிட்டது. முதலில் நாங்கள் மூவருமே சந்தோஷப்பட்டோம். அவள் முன்னால் போவது, ஆறு மாதம் கழித்துக் குடும்ப விசா எடுத்து எங்களையும் கூப்பிட்டுக்கொள்வது என்பது திட்டம். மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க மூவரும் போர்ட் பிளேர் போனோம். போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எங்களுக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா அப்பா இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்று கொடுத்தார்கள். படித்துக்கூடப் பார்க்காமல் போட்டேன்.

மனைவி கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு விஷயம் மாறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தகவலில், பிள்ளைக்கு மட்டும்தான் இப்போதைக்கு விசா தருவார்கள் என்று இருந்தது. கணவனுக்குப் பிறகு பார்க்கலாமாம். பிள்ளையை அழைத்துக்கொள்ள என்னுடைய சம்மதக் கடிதம் வேண்டும். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, டெல்லிக்கு அனுப்பி முத்திரை வாங்கியதாக இருக்க வேண்டும்.

அவள் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன்.

“பொம்பளப் புள்ளைய அங்க தனியா எப்படி விடுறது?”

“தனியா எங்க? என்கூடத்தானே இருக்கப் போறா.”

“நீ டூட்டிக்குப் போயிருவ.”

“இங்க மட்டும் என்ன வாழுதாம்? நீங்க பம்ப் ஹவுஸ்ல, நான் வார்டுல. ஸ்கூல் விட்டு வந்தா பக்கத்து வீட்டுலதானே உக்காந்திருக்கா. அங்க குவார்ட்டர்ஸுக்குள்ளயே ஸ்கூல் பஸ் வரும்ங்க. வருஷத்துக்கு ஒரு மாசம் சுட்டி, சம்பளத்தோட லீவு. ரெண்டு பேரும் வந்துருவோம். உங்களுக்கும் எப்படியாவது பாக்குறேன்.”

“பாக்கலாம்,” என்றேன்.

எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. டிக்கெட் வந்துவிட்டது.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அப்பா இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கப்பலேறி வந்து, முகாமில் இருந்து, கடைசியில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அவருக்கு ஒரே தங்கை. அவள் பெயர் குடும்ப விண்ணப்பத்தில் இல்லாமல் வேறொரு விண்ணப்பத்தில் இருந்தது. இவர்களுக்குக் காகிதம் வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அடுத்த கப்பலில் வந்துவிடுவாள் என்று தோட்டத்துக் கிளார்க் சொன்னாராம். “நாலு மாசத்துல வந்துரும்னு சொன்னானுங்க,” என்று அப்பா சொல்லுவார். அத்தை வரவேயில்லை. எனக்கு நினைவு தெரிந்து அவர் யார் வெளியூர் போனாலும் வழியனுப்பப் போனதில்லை. சுனாமியில் கச்சால் வீடு போனபிறகு ரங்கத்துக்கு வந்தோம். அத்தையின் போட்டோ என்று எங்களிடம் இருந்த ஒன்றும் அதில் போயிற்று.

கடல் தாண்டிப் போகிறவர்களைக் காகிதம் திருப்பித் தராது என்று எனக்குள் ஏதோ ஒன்று ஊறியிருந்தது. அது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. பம்ப் ஹவுஸில் கூட வேலை பார்க்கிறவன் ஒருநாள், “என்னண்ணே, அண்ணி ரியால் அனுப்புவாங்க, நீங்க இங்க ஜாலியா இருங்க,” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அது அன்று முழுவதும் காதிலேயே இருந்தது. வீட்டில் அவள் என்னை விட்டு உயரப் போகிறாள், மகளும் அவள் பின்னால் ஏறிப் போய்விடுவாள், நான் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்ற ஒரு சின்னத்தனம். அதையும் எழுதினால்தான் கணக்குத் தீரும்.

மனைவி போய் ஏழாவது மாதம் கடிதத்தின் வாசகம் போனில் வந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸில் போர்ட் பிளேர் போனேன். கோர்ட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட்களில் ஒரு தெலுங்குப் பெண்ணிடம் போனைக் காட்டினேன். அவள் முத்திரைத்தாளைக் கம்ப்யூட்டரோடு இணைத்த பிரிண்டரில் செருகிவிட்டு இந்தி கலந்த தமிழில் கேட்டாள்.

“பையா, திரும்பி வர்ற தேதி என்னா?”

“தெரியாதும்மா.”

“டூரிஸ்ட்டா, ஃபேமிலி வீசாவா?”

“ஃபேமிலி.”

“அச்சா. அப்ப டேஷ் போடுறேன். சப் லோக், எல்லாரும் டேஷ்தான் போடுறாங்க.”

தாள் வெளியே வந்தது. போகும் தேதிக்கு நேரே மாதம் இருந்தது. திரும்பும் தேதிக்கு நேரே ஒரு சின்னக் கோடு. பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே நோட்டரி, வயதான வங்காளி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “ஆதார் ஒரிஜினல்?” என்றார். அது என் சட்டைப் பையில் இருந்தது.

“சாப், கர் மே ரஹ் கயா,” என்றேன். வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்று.

“ரங்கத்லேர்ந்து வந்தே, ஆதார் இல்லாமே வந்தே?” என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சிரித்தார். “கோயி பாத் நஹி, பரவாயில்லே. இன்னொரு நாள் வா.”

மகள் வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் புதுக் கவுன் போட்டிருந்தாள். கையெழுத்துப் போட்டதும் அப்படியே விமானத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்திருப்பாள் போல.

“ஆயிருச்சாப்பா?”

“இல்லம்மா. அம்மா அனுப்புன பேப்பர் சரியில்ல. வேற அனுப்பணும்.”

“அம்மா ஏன் சரியா அனுப்பல?”

“என்ன பண்றது. அங்க அவளுக்கு வேலை ஜாஸ்தி.”

இவ்வளவுதான் சொன்னேன். நாலைந்து வாக்கியம். திரும்பி வரும்போது பஸ் வாகனப் படகில் ஏறி ஜலசந்தியைக் கடக்கும் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு பெரிய வேலையைத் தள்ளிப்போட்ட நிம்மதிகூட இருந்தது.

மனைவியிடம் நோட்டரி லீவு என்றேன். அடுத்த முறை ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்றேன். அது உண்மையிலேயே சரிந்திருந்தது, ஆனால் இரண்டே நாளில் சரிசெய்துவிட்டார்கள். முத்திரைத்தாளில் பெயர் தப்பாக அடித்துவிட்டார்கள் என்றேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். கடிதம் அலமாரியில் என் வேட்டிகளுக்கு அடியில் கிடந்தது. அந்த நாட்களில் மகளின் பள்ளிக்கூடத்தில் லாங் ஐலண்டுக்குச் சுற்றுலா என்று பெற்றோர் கையெழுத்துக்குத் தாள் கொடுத்துவிட்டார்கள். சைக்கிள் சீட்டின்மேல் வைத்து நின்றவாக்கில் போட்டுக் கொடுத்தேன்.

தினமும் சாயங்காலம் மனைவி வீடியோவில் வருவாள். கடலடிக் கேபிள் வந்தபிறகு ரங்கத்தில் படம் உறையாமல் வந்தது. மகள் அவளிடம் பேப்பரைப் பற்றிக் கேட்டுவிட்டால் என் கதை முடிந்துவிடும். அதனால் முதல் நாளே சொல்லி வைத்தேன்.

“அம்மாகிட்ட பேப்பரப் பத்திக் கேக்காத. கேட்டா அழுவா. தனியா இருக்கால்ல, பாவம்.”

அவளும் கேட்கவில்லை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை, அம்மா அழக் கூடாது என்பதற்காக மாதக்கணக்கில் ஒரு கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மனைவி, “அப்பா பேப்பர் ரெடி பண்ணிட்டிருக்காங்கடா, வந்ததும் நீ இங்க வந்துரலாம்,” என்றாள். மகள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை லேசாக அசைத்தேன். போனை வைத்தபிறகு கேட்டாள்.

“அம்மா ஏன் நீங்க பண்றீங்கன்னு சொல்றா?”

“உன்னைச் சமாதானப்படுத்துறதுக்காகச் சொல்றா.”

எனக்கு அது எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் சரளமாக வந்தது.

மனைவிக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒருமுறை மகள் பக்கத்தில் இல்லாதபோது கேட்டாள். “உங்களுக்கு இஷ்டமில்லன்னா நேரா சொல்லிருங்க. நான் கேக்கறத நிறுத்திக்கறேன்.”

“சே சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். ஒருவேளை ஒரு முடிவும் வந்திருக்கும். எனக்கு முடியாது என்று சொல்லவும் தைரியமில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். அலுத்துப்போய் அவளே திரும்பி வந்துவிடுவாள் என்று. ஆனால் எங்கே வருவது? ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள்.

மகள் மெல்ல மெல்லப் போனுக்கு வருவதைக் குறைத்தாள். ஹோம்வொர்க் என்பாள், தலைவலி என்பாள். போன் அடிக்கும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முற்றத்துக் குழாயின் இணைப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அந்த வீட்டம்மாவுக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா, “உங்கம்மா எப்போ கூட்டிட்டுப் போறாங்க கண்ணு?” என்று கேட்டார்.

“கூட்டிட்டுப் போகமாட்டா ஆன்ட்டி. அவளுக்கு என்னை வேணாம்.”

அழாமல், கோபப்படாமல், இன்றைக்கு ஸ்கூல் லீவு என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்த அம்மா வேலியின் மேலாக என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எழுந்து போய், ‘இல்லடா, அம்மா கேட்டுக்கிட்டேதான் இருக்கா, நான்தான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் குழாய் மரையில் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று போதும். ஏழெட்டுச் சுற்று சுற்றினேன்.

அதற்கு அடுத்த ஜனவரியில் மனைவி விடுமுறைக்கு வந்தாள். முதல் லீவு தள்ளிப்போனதில், போய் ஒன்றரை வருடத்துக்கு மேலாகியிருந்தது. மகளுக்குப் பத்து வயது. மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கட்டிப்பிடித்தபோது மகள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். கொண்டுவந்த துணிகள் எல்லாம் அளவில் சின்னதாக இருந்தன. மனைவி அவற்றை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வேறு அறைக்குப் போகப் பார்த்தாள்.

“ஏன்டி, அம்மா மேல என்ன கோவம்? என்கிட்டச் சொல்லு.”

“ஒண்ணும் இல்ல.”

“நான் உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னு எவ்வளவு...”

“பொய் சொல்லாத. நீ பேப்பரே அனுப்பல.”

“எந்தப் பேப்பர்?”

“அப்பாவுக்குத் தெரியும்.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். நர்ஸ் அல்லவா, முகத்தைப் பார்த்தே நோயைப் படித்துவிட்டாள். மகளைப் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

“நான் அனுப்பலன்னா சொன்னீங்க?”

ரசத்தில் இருந்த கையை எடுத்தேன்.

“எத்தனை நாளா?”

“முதல்லேர்ந்தே.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை உட்கார்ந்திருந்தாள்.

“என்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேங்க. என்னை அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். புள்ளைகிட்டப் போயி ஏன்ங்க?”

“இப்பவே கூப்பிட்டு உண்மையச் சொல்லிர்றேன்.” நான் எழுந்துவிட்டேன்.

“உக்காருங்க.” அவள் குரல் மிகவும் தணிந்திருந்தது. “சொல்லிட்டு? நான் இன்னும் இருபது நாள்ல போயிருவேன். அப்புறம் அவ யாருகூட இருக்கணும்? உங்ககூடத்தானே. அம்மா இல்லன்னு ஏற்கனவே மனசுல முடிவு பண்ணிட்டா. இப்ப அப்பாவும் பொய்யின்னு தெரிஞ்சா, அவளுக்கு யாரு மிச்சம்? அவ என்னைக் கெட்டவளாவே நினைச்சுக்கட்டும். என்கிட்ட வந்து சேந்தப்புறம் நான் பாத்துக்கறேன். முதல்ல கையெழுத்துப் போடுங்க.”

மறுநாளே இருவரும் போர்ட் பிளேர் போனோம். அதே வங்காளி நோட்டரி. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பழைய தாள் செல்லாது என்று புதிதாக அடிக்கச் சொன்னார். திரும்பும் தேதிக்கு இந்த முறையும் கோடுதான். கையெழுத்துப் போட்டேன். என்னுடைய கையெழுத்து எப்போதுமே கோணல், அன்றைக்கு நேராக விழுந்தது. மனைவி அதை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் இருவருக்கும் நடுவே அந்த உறை இருந்தது.

அவள் போனபிறகு கடிதம் டெல்லிக்குப் போய் முத்திரைகளோடு மஸ்கட் போய்ச் சேர ஏழு வாரம் ஆயிற்று. அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரி கைமாறியிருந்தது. புது நிர்வாகம் நர்ஸ்களுக்குக் குடும்ப விசாவை நிறுத்திவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி, ஒரு அறைக்கு நான்கு பேர் என்று ஹாஸ்டலில் போட்டார்கள். ஏற்கனவே குடும்பத்தோடு இருந்தவர்களை மட்டும் தொடவில்லை. மனைவி எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். மேலதிகாரியின் அறைக்கு வெளியே நின்று பார்த்தாள். வேறு ஆஸ்பத்திரிகளில் முயன்று பார்த்தாள். ஒரு சாயங்காலம் என்னிடம் போனில் சொன்னாள்.

“ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா அவளும் லிஸ்ட்ல இருந்திருப்பா.”

குறையாகக்கூடச் சொல்லவில்லை. வார்டில் நோயாளியின் உறவினர்களிடம் சொல்கிற குரல் அது.

அதற்குப் பிறகு நான்கைந்து வாரம் தாங்கினேன். மகள் என்னிடம் முன்பைவிட ஒட்டிக்கொண்டாள். அம்மா வேண்டாம், அப்பா போதும் என்று இருந்தாள். எனக்குத் தட்டில் மீன் துண்டு எடுத்து வைப்பாள். சட்டைப் பட்டன் விழுந்தால் தைத்துக் கொடுப்பாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவள் கொடுத்த அன்பு எதுவும் எனக்கு வந்ததல்ல, இன்னொருத்தியிடமிருந்து நான் பிடுங்கியது. ஒரு சனிக்கிழமை காலை அவளைப் பம்ப் ஹவுஸுக்குக் கூட்டிப்போனேன். தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம் ஆகும். மோட்டாரை ஓடவிட்டு வெளியே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்ததை, ஆதார் சட்டைப் பையில் இருந்ததை, எல்லாவற்றையும்.

அவள் நம்பவில்லை. “காட்டுங்க,” என்றாள். வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து கையெழுத்தில்லாத அந்தப் பழைய தாளை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் வரும். விரல் வைத்து வரி வரியாகச் சத்தமாகப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினாள். மேலே இருந்த தேதியைப் பார்த்தாள்.

“அப்ப நான் தேர்ட் ஸ்டாண்டர்ட்.”

“ஆமாம்மா.”

“அம்மா போன்ல அப்பா பேப்பர் ரெடி பண்றாங்கன்னு சொன்னது நிஜமா?”

“நிஜம்.”

“சமாதானத்துக்குன்னு சொன்னீங்களே.”

“பொய் சொன்னேன்.”

“ஏன்?”

பயம் என்று சொல்லலாம். அப்பாவின் தங்கை கதையைச் சொல்லலாம். இரண்டுமே பாதி உண்மைதான். அவள் தாளை இருந்தபடியே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அழுகைச் சத்தம் கேட்கும் என்று வெகு நேரம் நின்றேன். கேட்கவில்லை. பம்ப் ஹவுஸ் ஞாபகம் வந்து ஓடியபோது தொட்டி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவளே அம்மாவுக்குப் போன் போட்டாள். திரையில் அம்மா முகம் வந்ததும் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, “சாப்பிட்டியா?” என்று அம்மா கேட்டாள். “சாப்பிட்டேன்,” என்றாள். அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிட்டால் அறுந்தது ஒட்டிக்கொள்ளும் என்று நான் நம்பியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவின்மேல் இருந்த கோபம் போயிற்று. ஆனால் அந்த வயதில் அம்மாவோடு கூடவே இருந்து வர வேண்டிய பழக்கம் வரவில்லை, அது போனில் வருகிற பொருள் அல்ல. என்னிடம் இருந்த ஒட்டுதல் மட்டும் ஒரே நாளில் நின்றது. மரியாதை குறையவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். சோறு வடித்து வைப்பாள். என் சட்டைகளில் பட்டன் விழுந்தால் நானே தைத்துக்கொள்கிறேன்.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று. மனைவி இன்னும் அங்கேதான். எங்களுக்குள் வழக்கு, விவாகரத்து என்று எதுவும் இல்லை, அதற்கு வேண்டிய சூடுகூட மிச்சமில்லை. விடுமுறைக்கு வந்தால் ரங்கத்துக்கு வருவதில்லை. போர்ட் பிளேரை அடுத்த சௌல்தாரியில் அவளுடைய அக்கா வீட்டில் தங்குவாள். மகளை நான் கொண்டுபோய் விடுவேன். இந்த முறையும் போனோம். பஸ் படகுக்காகக் காத்து நின்றபோது, மகள் கேட்டாள்.

“பதினெட்டு ஆயிட்டா யாரோட சைனும் வேணாம்ல?”

“எதுக்குமா?”

“எங்க போறதுக்கும்.”

“வேணாம்,” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் காதில் ஹெட்போனைச் செருகிக்கொண்டாள்.

சௌல்தாரி வீட்டில் பாக்கு காயப் போட்டிருந்தார்கள். மனைவி வாசலுக்கு வந்து மகளின் பையை வாங்கிக்கொண்டாள். மெலிந்திருந்தாள். முன்நெற்றியில் நரை. மகள் அவளைவிட ஒரு விரல் உயரம் கூடியிருந்தாள். உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், யாரோ வீட்டுக்கு வந்தவள்போல.

“களைப்பா இருப்ப. டீ போடட்டுமா? பூஸ்ட் இருக்கு, அது குடிக்கிறியா?” என்று மனைவி கேட்டாள்.

“வேணாங்க,” என்றாள் மகள். “நீங்க உக்காருங்க.”

சின்ன வயதில் ‘ஏம்மா, இங்க வா, அத எடு’ என்று அம்மாவை விரட்டிக்கொண்டிருந்த பிள்ளை. கோபத்தில்கூட ‘நீ’ என்றுதான் கத்தினாள். மனைவியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாத்திரத்தை எடுத்துப் பார்ப்பதுபோலச் சமையல்கட்டுக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. எதையும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

மகள் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியின் அக்கா என்னிடம், “சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றார். ரங்கத் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.